ஹட்டனிலிருந்து கோத்தகிரிக்கு எந்த வழி?

இலங்கை மலையகத்து ஹட்டனையும் தமிழகத்து நீலகிரியில் உள்ள கோத்தகிரியையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்தால் இடைத்தூரம் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். ஜெட் விமானம் ஒன்றரை மணித்தியாலத்தில் கடந்துவிடும் தொலைவு. ஆனால் இரண்டு ஊரிலும் விமான நிலையம் இல்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக நீர்விமானம் இறங்கியதுண்டு. கடவுச்சீட்டுடன் கடல் கடக்கிறவருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. நம் வீட்டு வாசலிலிருந்து உறவினர் வீட்டு வாசல் வரை கணக்கெடுத்தால், மிக வேகமான வழியில்கூட பதினாறு, பதினேழு மணித்தியாலம் பிடிக்கும். நிதானமான வழியில் ஒரு முழு நாளுக்கும் மேல்.

இந்தக் கணக்கு மலையகத்தில் பல குடும்பங்களுக்குத் தேவைப்படுகிறது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மீதமிருந்த 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படிப் போனவர்களில் பெருந்தொகையினர் நீலகிரி மலையில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டேன்டீ என்ற கழகமானது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த வீடுகளில் இப்போது பேரப்பிள்ளைகளின் கலியாணங்கள் நடக்கின்றன. அழைப்பிதழ் வந்ததும் எங்கள் பக்கத்தில் எழும் முதல் கேள்வி: திருச்சியில் இறங்குவதா, சென்னையிலா, மதுரையிலா? யாழ்ப்பாணம் வழியாகப் போனால் என்ன?

பலர் விமானத் தூரத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 350 கிலோமீற்றர். திருச்சி 420. கோயம்புத்தூர் 530. சென்னை 650. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னை 350 அளவில் வரும். பலாலியிலிருந்து திருச்சி வெறும் 185 கிலோமீற்றர்தான். இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் யாழ்ப்பாணம் - திருச்சி வழியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் தூரம் பாதியானால் நேரமும் பாதியாகிவிடாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் எவ்வளவு குறுகிய பறப்பிலும் உண்டு. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் காட்டுவார்கள்; சென்னைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை. இருநூறு, முந்நூறு கிலோமீற்றர் கூடுதல் தூரம் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடுகிறது. பலாலிக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர் போன்ற சிறிய விமானங்களில் காற்றாடி இருக்கும். அவை ஜெட் விமானங்களைவிட மெதுவாகப் பறப்பவை, ஆகவே 350 கிலோமீற்றர் தொலைவுள்ள சென்னைக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்.

கணக்கில் ஒரு வசதி மட்டும் இருக்கிறது. இலங்கை நேரமும் இந்திய நேரமும் 2006 ஏப்ரல் முதல் ஒன்றுதான். பயணச்சீட்டில் உள்ள புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளலாம்.

பயணத்தின் உண்மையான பாரம் இரண்டு மலைப் பாதைகளில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று இறங்கி, கடுவலையில் வெளிச்சுற்று நெடுஞ்சாலையைப் பிடித்து, கெரவலப்பிட்டி வழியாகக் கட்டுநாயக்கவுக்குப் போவது இன்று வேன்காரர்கள் பலரும் எடுக்கும் வழி. தூரம் 140 கிலோமீற்றர் அளவில்தான். நேரமோ நாலரை முதல் ஐந்து மணித்தியாலம். அந்த நேரத்தில் பெரும்பகுதியை அவிசாவளை வரையிலான வளைவுகளே தின்றுவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்த மேற்குச் சரிவில்தான் கொட்டுகிறது. கினிகத்தேனைப் பக்கம் மூடுபனியும் மண்சரிவும் சேர்ந்தால் ஐந்து மணித்தியாலம் ஏழாகும். தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதற்கு மேல் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். பண்டாரவளை, பதுளைக்காரர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்குவதுதான் நல்லது.

புகையிரதம் மலிவானது, வாந்தி வராதது, முதியவர்கள் காலை நீட்டி உட்காரக்கூடியது. கொழும்பு கோட்டை வரை போய் மறுபடியும் வடக்கே கட்டுநாயக்கவுக்குத் திரும்புவது வீண் அலைச்சல். நீங்கள் ஏறும் வண்டி வேயங்கொடையிலோ கம்பஹாவிலோ நின்றால் அங்கேயே இறங்கி, மினுவங்கொடை வழியாக முச்சக்கரவண்டியிலோ காரிலோ விமான நிலையத்துக்குப் போய்விடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் புகையிரதப் பாதையையும் வீதிகளையும் பல இடங்களில் சிதைத்தது. பயணத்துக்கு முந்திய வாரத்தில் உங்கள் நிலையத்திலிருந்து வண்டி ஓடுகிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று நேரில் கேட்டுக்கொண்ட பிறகே புகையிரதத்தை நம்புங்கள். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னால் நிலையத்தில் இருக்க வேண்டும், பறப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் பதிவு மூடிவிடும். ஆக, பறக்கத் தொடங்கும் முன்பே எட்டு மணித்தியாலம் செலவாகிவிடுகிறது. கட்டுநாயக்க வழியாக எந்த நகரத்துக்குப் பறந்தாலும் இந்த எட்டு மணித்தியாலம் மாறாது. வேறுபாடு முழுவதும் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

திருச்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கரூர், காங்கேயம், திருப்பூர், அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் என்று போனால் கோயம்புத்தூர் நகர நெரிசலுக்குள் நுழையாமலே மலையடிவாரத்தை அடையலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீற்றர் ஏற்றம். எல்லாம் சேர்த்து 260 கிலோமீற்றர் சொச்சம்; காரில் ஆறு முதல் ஏழு மணித்தியாலம், பஸ்ஸில் மாறி மாறிப் போனால் எட்டுக்கு மேல். விடியற்காலை நாலரைக்கு ஹட்டனை விட்டு, பகல் ஒரு மணி விமானத்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்குத் திருச்சி, குடிவரவும் பயணப்பொதியும் முடித்து மூன்று மணிக்கு வெளியே. நிற்காமல் போனால் கோத்தகிரியில் இரவு பத்து மணி. மொத்தம் பதினேழரை மணித்தியாலம். தாளில் பார்த்தால் வெற்றி. ஆனால் ஒரே நாளில் இரண்டு மலை, அதில் இரண்டாவதை இருட்டில் ஏறுகிறீர்கள். எழுபது வயது அம்மாவை இப்படிக் கூட்டிப் போகாதீர்கள் என்று கேட்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்து, கலியாண வீட்டில் இரண்டு நாள் படுக்கையில் கிடக்க நேர்ந்தால் மிச்சப்படுத்திய நேரத்தால் யாருக்கு என்ன பயன்?

அதே திருச்சியில் ஒரு இரவு தங்கினால் பயணமே வேறாகிவிடுகிறது. பிற்பகலில் அறையெடுத்துக் குளித்துவிட்டு, மாலையில் சமயபுரம் போய்வரலாம். எங்கள் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் அரிது. அந்த அம்மனைக் கும்பிட்டபடி கப்பலேறியவர்களில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்தார் ஏராளம். சமயபுரத்து மண்ணை ஒருமுறையாவது மிதிக்க வேண்டும் என்று ஏங்கும் பெரியவர்கள் மலையகத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். கலியாணத்துக்குப் போகும் வழியில் அது நடந்துவிட்டால் அவர்களுக்குப் பயணத்தின் பாதிப் பயன் அங்கேயே கிடைத்துவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பகல் ஒரு மணிக்குக் கோத்தகிரி. பன்னிரண்டு, பதினைந்து மணித்தியாலம் கூடுகிறது, ஒரு அறை வாடகையும் கூடுகிறது. இரண்டு மலைகளையும் வெளிச்சத்தில் கடக்கிறீர்கள்.

கார் பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வாகனங்கள் இ-பாஸ் என்ற இணையவழி அனுமதி எடுத்திருக்க வேண்டும். அரசுப் பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. நீலகிரியிலேயே பதிவான வாகனங்களுக்கும் தேவையில்லை. ஆகவே கோத்தகிரி உறவினர்களிடம் சொல்லி அங்கிருந்தே ஒரு வண்டியை அனுப்பச் செய்வது நல்லது. அந்த மலையில் தினமும் ஓட்டிப் பழகிய கை ஸ்டியரிங்கில் இருக்கும் என்பது அதைவிடப் பெரிய இலாபம்.

மதுரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வான்தூரம் குறைவு, ஆனால் இறங்கிய பிறகு கோத்தகிரிக்குத் திருச்சியிலிருந்து போகும் தூரத்துக்குக் குறையாத தூரம் இருக்கிறது. விமானக் கட்டணம் கணிசமாகக் குறைந்தாலோ, மீனாட்சியம்மனையோ அழகர்கோயிலையோ பார்க்க வேண்டியிருந்தாலோ எடுக்கலாம். நேரத்துக்காக எடுப்பதில் பொருளில்லை.

சென்னை வழி கேட்டவுடன் பலரைப் பயமுறுத்துகிறது. கோத்தகிரியிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இறங்குவதா என்று நினைக்கிறார்கள். ஆனால் சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு ஒன்பது மணியளவில் நீலகிரி எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. காலை ஆறேகால் அளவில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், அதாவது மலையடிவாரத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. ஒன்பது மணித்தியாலமும் நீட்டிப் படுத்துத் தூங்கலாம். நிலையத்திலிருந்து பஸ் நிலையம் பக்கம்தான், ஒன்றரை மணித்தியாலத்தில் கோத்தகிரி. சென்னை விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ நேராகப் போகிறது. பொதி குறைவாக இருந்தால் வாடகைக் கார் தேவையில்லை. மேலே சொன்ன அதே நாலரை மணிப் புறப்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், பிற்பகல் இரண்டரைக்குச் சென்னை, ஐந்தரைக்குள் சென்ட்ரல், மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கோத்தகிரி. மொத்தம் இருபத்தேழரை மணித்தியாலம். திருச்சியிலிருந்து ஓட்டமாகப் போவதைவிடப் பத்து மணித்தியாலம் அதிகம், ஆனால் அதில் ஒன்பது தூக்கம். திருச்சியில் தங்கிப் போவதைவிட ஐந்து மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள், அறை வாடகையும் இல்லை.

இதில் இரண்டு இடர்கள் உண்டு. விமானம் தாமதமானால் புகையிரதம் போய்விடும். ஆகவே மாலை நான்கு மணிக்குப் பிறகு சென்னையில் இறங்கும் விமானத்தை இந்தத் திட்டத்துக்கு எடுக்கவே கூடாது. அடுத்தது டிக்கட். இந்திய ரயில்வேயில் அறுபது நாட்களுக்கு முன்னரே முன்பதிவு திறக்கிறது, கோடை விடுமுறையிலும் தீபாவளி, பொங்கல் நாட்களிலும் இந்த வண்டி விரைவில் நிரம்பிவிடும். கோத்தகிரி உறவினர் ஒருவரிடம் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரையும் வயதையும் அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். முதியவர்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கும் ஏற்பாடு இருப்பதால் வயது சரியாக இருக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள டிக்கட்டை நம்பி வயதானவர்களுடன் கிளம்ப வேண்டாம்.

சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் கோயம்புத்தூர் போவது இன்னொரு வழி. அந்தப் பறப்பு ஒரு மணித்தியாலம் சொச்சம். கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து கோத்தகிரி இரண்டரை மணித்தியாலத்துக்குள். இடையில் காத்திருக்கும் நேரத்தோடு மொத்தம் பதினாறு, பதினேழு மணித்தியாலத்தில் முடியும். கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் கிடைக்கிற பருவமாக இருந்தால் இன்னும் குறையும், அப்போது வேறெதையும் பார்க்க வேண்டாம். ஆனால் இரண்டு விமானமென்றால் செலவு ஏறுகிறது. இந்திய உள்நாட்டு விமானங்களில் பொதுவாகப் பதினைந்து கிலோ பொதிதான் அனுமதி. சர்வதேசப் பயணச்சீட்டில் அதைவிடக் கூடுதலாகக் கொண்டுவந்தவர்கள் சென்னையில் பணம் கட்ட வேண்டியிருக்கும். கலியாணத்துக்குப் போகும் எங்கள் குடும்பங்கள் வெறுங்கையோடு போவதில்லை. கோத்தகிரி தேயிலை விளையும் ஊர்தான், ஆனாலும் எங்கள் பக்கத்து டிக்கோயாத் தேயிலைத்தூளின் மணத்தை அங்குள்ள பெரியவர்கள் இன்னும் கேட்கிறார்கள். அதைக் கொண்டுபோகாமல் இருக்க யாருக்கும் மனம் வராது. இரண்டு பயணச்சீட்டையும் ஒரே முன்பதிவில் வாங்கினால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. தனித்தனியாக வாங்கினால் நட்டம் உங்களுடையது.

இந்த வழி உண்மையில் யாருக்கு வேண்டும் என்றால், சாவு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு. அங்கே ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. அந்த இடத்தில் விமானத்தைவிட விசாதான் தடையாக நிற்கிறது. இலங்கையர் இந்தியாவுக்கு விசா எடுக்க வேண்டும், இ-விசாவுக்குக்கூடச் சில நாட்கள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வயதான பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ படுக்கையில் இருக்கிறார்கள் என்றால், அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும் விசாவையும் கையில் வைத்திருங்கள். கடைசி முகம் பார்க்க முடியாமல் போனவர்கள் எங்கள் தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். இன்னொன்று: இ-விசாவுடன் எல்லா நுழைவாயிலிலும் நுழைய முடியாது. விமான நிலையமோ துறைமுகமோ, நீங்கள் இறங்கும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. தொற்றுக்காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னைச் சேவையையும் 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையையும் தொடங்கியது. வடக்கில் இருப்பவர்களுக்கு இது பெரும் வரம். ஹட்டன்காரருக்கு அப்படியில்லை. கண்டிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர், கண்டியிலிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கு 321 கிலோமீற்றர், பிறகு பலாலி. பத்து முதல் பன்னிரண்டு மணித்தியாலப் பயணம். கட்டுநாயக்க போவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். வானத்தில் மிச்சமாவதோ அரை மணித்தியாலம்கூட இல்லை.

ஆனாலும் இந்த வழியை அடியோடு தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1977 கலவரத்துக்கும் 1983 க்கும் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. ஹட்டனில் ஒரு கிளை, கிளிநொச்சியில் ஒரு கிளை, கோத்தகிரியில் ஒரு கிளை என்று மூன்றாகப் பிரிந்த வீடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் முதல் நாள் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மறுநாள் பலாலியில் ஏறி, திருச்சியில் இறங்கலாம். நேரத்தில் தோற்கும் வழிதான். மூன்று கிளையும் ஒரு பயணத்தில் சேர்ந்துகொள்ளும். சிறிய விமானங்கள் பறக்கும் நாட்கள் மாறக்கூடியவை என்பதால் கலியாணத் தேதிக்கு ஒரு நாள் இடைவெளி விட்டே திட்டமிடுங்கள்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் உண்டு. 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 முதல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நான்கு மணித்தியாலக் கடல் பயணம். நாகப்பட்டினத்திலிருந்து கோத்தகிரி நானூறு கிலோமீற்றர் போல. இரண்டு பக்கமும் நீண்ட தரைவழி சேர்வதால் மலையகத்துக்காரருக்கு எல்லாவற்றிலும் நீளமான வழி இதுதான், ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் சேவை நிறுத்தப்படுவதும் வழக்கம். ஒருகாலத்தில் மலையகத்திலிருந்து புகையிரதத்தில் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகச் சனங்கள் போனார்கள். 1980களில் நின்றுபோன அந்தக் குறுகிய கடல்வழி திரும்ப வந்தால் இந்த ஒப்பீட்டை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

என் தீர்ப்பு இதுதான். முதியவர்களும் குழந்தைகளும் சேர்ந்த குடும்பம் என்றால் திருச்சியில் இறங்கி ஒரு இரவு தங்கிப் போங்கள். இளையவர்கள், தனியாகப் போகிறவர்கள், ஒரு இரவு அறை வாடகையை மிச்சப்படுத்த வேண்டியவர்கள் சென்னை போய் இரவு வண்டியைப் பிடியுங்கள். அவசரத்துக்குக் கோயம்புத்தூர். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சொந்தம் இருந்து நாளும் கையில் இருந்தால் பலாலி.

திரும்பி வருவதற்குக் கணக்கு மாறும். கோத்தகிரியிலிருந்து விடியற்காலையில் இறங்கித் திருச்சிக்கு வந்து மாலை விமானத்தைப் பிடித்தால் கட்டுநாயக்கவில் இரவாகிவிடும். களைத்த உடம்போடும் தூக்கம் சொக்கும் சாரதியோடும் கினிகத்தேனை வளைவுகளை நள்ளிரவில் ஏற வேண்டியிருக்கும். ஆகவே திரும்பும்போது குடும்பங்களும் சென்னை வழியையே எடுக்கட்டும். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு மேட்டுப்பாளையத்தில் ஏற்றி, காலை ஆறரை அளவில் சென்னையில் இறக்கும். பதினொரு மணிக்குப் பிறகு புறப்படும் விமானத்தை எடுத்தால் வண்டி சற்றுத் தாமதமானாலும் பயமில்லை. பகல் ஒரு மணிக்குக் கட்டுநாயக்க, இரண்டு மணிக்கு வேனில், ஏழு மணிக்குள் ஹட்டன். போகும்போது திருச்சி, வரும்போது சென்னை என்று ஒரே நிறுவனத்திடம் ஒரே முன்பதிவாக வாங்க முடியும். இரண்டு தனி ஒருவழிச் சீட்டுகளின் விலையையும் கேட்டுப் பார்த்து, குறைந்ததை எடுங்கள்.